வாங்க பாஸ், குச்சி ஐஸ் போடலாம்!

'கோயமுத்தூரா? அங்கதான் க்ளைமேட் ஜிலுஜிலுன்னு இருக்குமே!' என்று யாராவது உங்ககிட்ட சொன்னால் தகராறு பண்ணாதீங்க. சித்திரை மாசத்து மத்தியானம் ஒரு மணிக்கு, காந்திபுரத்தில் ஒரு அன்னூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டாகப் பார்த்து அவரை உட்கார வைத்துவிடுங்கள், போதும். கணபதி, சரவணம்பட்டி, கோவில்பாளையம் தாண்டுவதற்குள் ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியாது. அன்னூரில் இறங்கும்போது மனுஷன் வறுத்த கடலை ஆகியிருப்பார்.

எங்க ஊர் அப்படி. வடக்கே பவானி ஆறு, தெற்கே நொய்யல். ரெண்டுக்கும் நடுவுல மேட்டுல உட்கார்ந்துக்கிட்டு வானத்தையே பார்த்துக்கிட்டிருக்கற பூமி. 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணியைக் கொண்டுவர்ற அத்திக்கடவு - அவினாசி திட்டம், பல வருஷப் போராட்டத்துக்கு அப்புறம் 2024 ஆகஸ்ட்லதான் தொடங்கி வைக்கப்பட்டது. அதைப் பேச ஆரம்பித்தால் அது தனிக் கட்டுரை. இப்போ நம்ம மேட்டர், குச்சி ஐஸ்!

'தண்ணியில சர்க்கரையைக் கலக்கி ஃப்ரீசர்ல வச்சா முடிஞ்சது. இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?'னு நினைக்கறீங்கதானே? நானும் அப்படித்தான் நினைச்சேன். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற பொண்ணு, ஒழுங்கா ஒரு குச்சி ஐஸ் போட மூணு வாரம் ஆச்சுன்னா நம்புவீங்களா? தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல எவ்வளவு மார்க்னு மட்டும் கேட்காதீங்க, ப்ளீஸ்.

இதில் நான் ஏன் இறங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் சித்தி பொண்ணுக்கு எட்டு வயசு. போன வருஷம் கோடை லீவில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒரு மாசத்துக்கு மேல் கஞ்சி, இளநீர், படுக்கை. டாக்டர் 'தண்ணியால வர்றது' என்று சொன்னார். அவ்வளவுதான், சித்தி நேராகத் திரும்பியது எங்க அப்பிச்சி பக்கம். (வெளியூர்க்காரங்களுக்கு: அப்பிச்சி என்றால் அம்மாவோட அப்பா.) பேத்திக்கு ரோட்டில் போன வண்டியில் ஐஸ் வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

ஐஸாலதான் வந்ததுன்னு யாராலும் நிரூபிக்க முடியாது. இந்த மாதிரி காமாலையைக் கொண்டுவர்ற 'ஹெபடைடிஸ் ஏ' வைரஸ் உடம்புக்குள்ள போனதுலேருந்து நோய் வெளியே தெரிய 15 முதல் 50 நாள் வரைக்கும் ஆகலாம். அந்த இடைவெளியில் அவள் பள்ளிக்கூடத்துக் குழாயில் குடிச்சிருப்பாள், நோம்பியில் மோர் குடிச்சிருப்பாள், யார் வீட்டுக் கல்யாணத்திலோ சாப்பிட்டிருப்பாள். ஆனால் பழி ஐஸ் மேல். அதை அப்பிச்சி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது. ஏன்னா, எங்க அப்பிச்சியே ஒரு ஐஸ்காரர்!

எண்பதுகளில் அன்னூரிலிருந்து பசூர், சொக்கம்பாளையம், கஞ்சப்பள்ளி என்று சைக்கிள் கேரியரில் மரப் பொட்டியைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனைப் 'பாம்... பாம்...' என்று அழுத்திக்கொண்டு குச்சி ஐஸ் விற்றவர். கலர் ஐஸ், பால் ஐஸ், சேமியா ஐஸ். அந்தக் கதையெல்லாம் சொல்லாமல் எங்களுக்கு ஒரு கோடையும் போனதில்லை. காமாலைக்கு அப்புறம் அவர் ஐஸ் என்கிற வார்த்தையையே எடுக்கவில்லை.

இந்த வருஷம் லீவு விட்ட முதல் நாளே வாண்டு வந்து என் துப்பட்டாவைப் பிடித்தாள். "அக்கா, நீ இன்ஜினீயருக்குத்தானே படிக்கற... எனக்கு வீட்லயே ஐஸ் செஞ்சு குடு. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

மாட்டிக்கிட்டேன்.

வெள்ளைக் கல்

முதல் ரவுண்டு, படு சொதப்பல். கொதித்து ஆறின தண்ணி, எலுமிச்சம்பழம், சர்க்கரை. கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரைக்கும் ஊற்றி, நடுவில் ஒரு ஸ்பூனை நிறுத்தி ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் பார்த்தால் டம்ளரில் மேலிருந்து கீழ் வரை விரிசல்! தண்ணி ஐஸ் ஆகும்போது சுமார் 9 சதவிகிதம் பெருசாகும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். பரீட்சைக்குப் படிக்கிறதை வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் நமக்கு எங்கே இருக்கு? (கண்ணாடி வேண்டவே வேண்டாம். எவர்சில்வர் டம்ளரோ, மெல்லிசான பிளாஸ்டிக் கப்போ எடுத்து, முக்கால் பாகம் மட்டும் ஊத்துங்க.)

ரெண்டாவது ரவுண்டு, எவர்சில்வர் டம்ளர். ஐஸ் உருவாகிவிட்டது. ஆனா கடிச்சா பல்லு போயிடும்! ரெண்டு உறிஞ்சு உறிஞ்சினதும் இனிப்பு மொத்தமும் வாய்க்குள் வந்துவிட்டது, கையில் இருந்தது வெறும் வெள்ளைக் கல். வாண்டு அதை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "அக்கா, கடைசியில சப்புன்னு இருக்கு" என்றாள்.

திண்ணையில் உட்கார்ந்து இதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார் அப்பிச்சி. ஒரு வருஷத்துக்கு அப்புறம் ஐஸைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "ஏனம்மிணி, சர்க்கரையைக் கண்ணுல காட்டிட்டு எடுத்துட்டீங்களா?"

அங்கேதான் விஷயமே இருக்கிறது. சர்க்கரைத் தண்ணி முழுசா ஒரே நேரத்தில் உறையாது. டம்ளரின் ஓரத்தில், சில்லென்று தொட்டுக்கொண்டிருக்கிற தண்ணிதான் முதலில் உறையும். அப்படி உறையும்போது அது சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளாது, உள்பக்கமாகத் தள்ளிவிடும். உள்ளே தள்ள தள்ள நடுவில் இருக்கிற பாகு கெட்டியாகிக்கொண்டே போகும். கெட்டியான பாகு உறைய இன்னும் கூடுதல் குளிர் வேணும். அதனால்தான் வெளியே கல், நடுவில் பாகு. நாம் உறிஞ்சும்போது பாகு முதலில் இளகி வந்துவிடும், கல் நம்ம கையில் நிற்கும்.

இதுக்கு அப்பிச்சி சொன்ன வைத்தியம் மூணு. சர்க்கரையைக் கூட்டணும். 'குடிச்சுப் பார்த்தா கொஞ்சம் திகட்டணும், அப்பத்தான் ஐஸ்ல சரியா இருக்கும்' என்றார். சரியான பேச்சு! நாக்கு சில்லிட்டால் இனிப்பு குறைவாகத்தான் தெரியும். அரை லிட்டர் தண்ணிக்கு 80 முதல் 100 கிராம் சர்க்கரை என்பது எங்க கணக்கு. அதுக்காக அள்ளிக் கொட்டிடாதீங்க, ரொம்பப் போட்டா உறையாம கொழகொழன்னே நிக்கும். ரெண்டாவது, சீக்கிரமா உறைய வைக்கணும். மெதுவா உறைஞ்சா ஐஸ் படிகம் பெருசு பெருசா வளரும், வேகமா உறைஞ்சா பொடிப்பொடியா நிக்கும், பல்லுக்கு மெத்துன்னு இருக்கும். அதுக்குச் சின்ன எவர்சில்வர் டம்ளர். கலவையை முதலில் கீழ்த்தட்டில் வைத்துச் சில்லென்று ஆக்கிவிட்டு, அப்புறம் ஃப்ரீசர் தரையில் ஒட்டி உட்காருகிற மாதிரி வைக்கணும். மூணாவது, கெட்டியா எதையாவது சேர்க்கணும். கஞ்சியோ, பழக்கூழோ, பாலோ. அது தண்ணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஐஸ் பெரிய கல்லாக வளர விடாது.

சேமியா ஐஸில் சேமியா எதுக்குன்னு இப்ப புரியுதா? அது ருசிக்கு மட்டும்னுதான் இத்தனை நாள் நினைச்சிருந்தேன். வேக வைச்ச சேமியாவிலிருந்து இறங்குகிற கஞ்சிதான் பாலைக் கல்லாகாமல் பிடிக்கிறது. இன்னொண்ணு, சேமியா எப்பவும் ஐஸின் நுனியில்தானே கொத்தாக இருக்கும்? அச்சில் ஊத்தும்போது அது அடியில் தங்கிவிடும். அச்சிலிருந்து எடுத்துத் திருப்பிப் பிடிக்கும்போது அடி, நுனி ஆகிவிடும். நாலணா கொடுத்த பையனுக்கு முதல் கடியிலேயே சேமியா!

ஐஸ் கம்பெனியும் என் டெக்ஸ்ட் புக்கும்

அந்தக் காலத்தில் ஐஸ் எப்படிப் போட்டாங்க என்று அப்பிச்சியைக் கிளறினேன். கம்பெனிக்குள் ஒரு பெரிய தொட்டி. அதில் உப்புத் தண்ணி. குளிர் என்றால் அப்படி ஒரு குளிர், ஆனா அந்தத் தண்ணி மட்டும் உறையாது. தகரத்தில் வரிசை வரிசையாக அச்சு. அதில் கலர் தண்ணியை ஊற்றி, குச்சி சொருகின சட்டத்தை மேலே மூடி, தொட்டிக்குள் இறக்குவாங்க. கொஞ்ச நேரத்தில் தூக்கி, சாதாத் தண்ணியில் ஒரு முக்கு முக்கினால் 'பொளக்'கென்று எல்லா ஐஸும் குச்சியோடு வந்துவிடும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரெஃப்ரிஜிரேஷன் பாடத்தில் 'ஐஸ் பிளான்ட்' என்று ஒரு படம் வரும். அமோனியா, கம்ப்ரஸர், நடுவில் உப்புநீர்த் தொட்டி. மனப்பாடம் செய்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, எட்டு மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்னு அச்சு முக்கின மனுஷன், எங்க வீட்டுத் திண்ணையிலேயே இத்தனை வருஷமாக வெத்தலை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

நம்ம ஆட்களுக்கு ஐஸ் ரொம்பப் பழைய பழக்கம் இல்லை. 1833ல் பாஸ்டனிலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பல், குளத்தில் வெட்டின ஐஸ் கட்டிகளைச் சுமந்துகொண்டு கல்கத்தா வந்தது. சுமார் 180 டன் ஏற்றினதில் 100 டன் போல மிச்சமிருந்ததாம், நாலு மாசப் பயணத்துக்கு அப்புறம்! அனுப்பினவர் ஃபிரெடெரிக் டூடர். அதே ஆள் சென்னையில் அந்த ஐஸை வைக்க 1842ல் கட்டினதுதான் மெரினா எதிரில் இருக்கிற 'ஐஸ் ஹவுஸ்'. 1897ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினதால் இப்போ அது விவேகானந்தர் இல்லம். பாதுகாப்பு டெக்னிக் என்னவென்று பார்த்தால், மரத்தூள். அவ்வளவுதான். மெஷினில் ஐஸ் செய்கிற வழி வந்ததும் அந்தக் கப்பல் வியாபாரம் படுத்துவிட்டது.

குச்சி வந்த கதை இன்னும் ஜோர். 1905ல் அமெரிக்காவில் ஃபிராங்க் எப்பர்சன் என்ற 11 வயசுப் பையன், சோடாப் பவுடரைத் தண்ணியில் கலக்கி, கலக்கின குச்சியோடு வாசலிலேயே மறந்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். ராத்திரிக் குளிரில் அது உறைந்து, காலையில் குச்சியோடு ஐஸ்! பெரியவனான பிறகு 1924ல் அதுக்கு பேட்டன்ட் வாங்கினார். அன்னூரில் நாம் வாசலில் வைத்தால் காலையில் எறும்புதான் மிச்சம்.

யாழ்ப்பாணத்தில் நம்ம குச்சி ஐஸுக்குப் பெயர் 'ஐஸ்பழம்'. என்ன அழகான பேர் பாருங்க! மலேசியாவில் குச்சியே இல்லாமல் நீள பிளாஸ்டிக் குழாயில் ஊற்றி, முடிச்சுப் போட்டு வீட்டிலேயே உறைய வைக்கிறார்கள். நம்ம ஊர்ப் பெட்டிக்கடையில் 'பெப்சி' என்று கேட்டு வாங்கிப் பல்லால் கடித்துத் திறப்போமே, அதேதான். அந்த கோலா கம்பெனிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது எனக்கே ப்ளஸ் டூவில்தான் தெரிந்தது.

அப்பிச்சி கேட்ட கேள்வி

இப்போ கொஞ்சம் சீரியஸா கேளுங்க. 'ஐஸ்ல கிருமி செத்துடும்'னு நம்மில் பாதிப் பேர் நினைச்சுக்கிட்டிருக்கோம். சாகாது. காமாலை வைரஸ் உறைஞ்சாலும் உயிரோட இருக்கும், டைஃபாய்டு கிருமியும் ஐஸில் நாள் கணக்கில் தாக்குப் பிடிக்கும். ஃப்ரீசர் அதைத் தூங்க வைக்கும், அவ்வளவுதான். நம்ம வயித்துக்குள் போய் அது முழிச்சுக்கும். அதனால் தண்ணி எதுவாக இருந்தாலும், கேன் தண்ணியே ஆனாலும், கொதி வந்த பிறகு ஒரு நிமிஷமாவது தளதளவென்று கொதிக்கட்டும். மூடி போட்டு ஆற வையுங்க. டம்ளர், குச்சி, கை மூணும் சோப்புப் போட்டுக் கழுவினதாக இருக்கட்டும். பழம் போடறதா இருந்தா கழுவிட்டு அப்புறம் நறுக்குங்க.

கலர் வேணும்னு அடம் பிடிச்சா பீட்ரூட் சாறு ரெண்டு ஸ்பூன் போதும். சாயத்துக்குப் போடுகிற ரோடமின்-பி என்ற ரசாயனம் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயையே தடை செய்தார்கள். திருப்பூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சாயம் என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தரணுமா? இன்னொரு தகவல்: மீன் மாதிரி சாமான்களைக் கெடாமல் வைக்க, குடிக்க லாயக்கில்லாத தண்ணியில் செய்கிற ஐஸில் நீல நிறம் கலக்கணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் சொல்லியிருக்கிறது. ஜூஸ் டம்ளரில் உடைச்சுப் போடுகிற ஐஸ் எந்த ஐஸ் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்டால் முறைப்பார்கள், பரவாயில்லை, கேளுங்க.

இதையெல்லாம் நான் சித்தியிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அப்பிச்சி உள்ளே வந்தார். "நாங்க வித்ததெல்லாம் கெணத்துத் தண்ணிதானுங்க கண்ணு. கம்பெனியில ஆரும் காய்ச்சுனதில்லை" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "பசூர்ல, கஞ்சப்பள்ளியில எத்தனை கொழந்தைக வாங்கித் தின்னுருக்கும்... அதுல எத்தனைக்குக் காமாலை வந்துச்சோ" என்றார்.

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. சித்திதான் சொன்னாள்: "அதை ஏன் இப்ப நெனைச்சுக்கிட்டு... அப்ப ஆருக்குங்ப்பா அதெல்லாம் தெரியும்? வீட்டுல நாங்க குடிச்சதும் அதே கெணத்துத் தண்ணிதானே!" ஒரு வருஷமாக அவரிடம் முகம் கொடுத்துப் பேசாத சித்தி! சொல்லிவிட்டுப் போய் அடுப்பில் தண்ணியை வைத்தாள்.

நாளைய மின்தடை

கொதிக்கிற தண்ணியைப் பார்த்ததும் எனக்கு எம்பெம்பா ஞாபகம் வந்தது. தான்சானியாவில் 1963ல் எராஸ்டோ எம்பெம்பா என்ற பள்ளிக்கூடப் பையன், ஐஸ்கிரீம் போடும்போது பாலை ஆற வைக்காமல் சூடாகவே ஃப்ரீசரில் வைத்துவிட்டான். மற்றவர்கள் ஆற வைத்து வைத்ததைவிட அவனுடையது முன்னாடி உறைந்ததாம். ஏன் என்று வாத்தியாரிடம் கேட்டதுக்குக் கிடைத்தது கிண்டல்தான். அவன் விடவில்லை. பள்ளிக்கு வந்த பேராசிரியர் டெனிஸ் ஆஸ்போர்னிடம் அதே கேள்வியைக் கேட்டான். 1969ல் ரெண்டு பேர் பெயரிலும் ஆராய்ச்சிக் கட்டுரையே வந்துவிட்டது! அது நிஜம்தானா என்று விஞ்ஞானிகள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். 2016ல் வந்த ஒரு ஆய்வு, அப்படி ஒன்று நடப்பதற்கு ஆதாரமே இல்லை என்றது.

விடுவோமா? சுடுதண்ணி ஒரு டம்ளர், ஆறின தண்ணி ஒரு டம்ளர். மூணு தடவை வைத்துப் பார்த்தேன். மூணு தடவையும் ஆறின தண்ணிதான் ஜெயித்தது. அன்னூர் ரிசல்ட் இது. (சுடச்சுட உள்ளே வைத்தால் பக்கத்தில் இருக்கிற சாமானும் இளகும், அம்மாவிடம் திட்டும் கிடைக்கும். ஆற வையுங்க.)

'மூணு மணி நேரம் ஆச்சு, இன்னும் தண்ணியா இருக்கே?'னு பொறுமை இழக்காதீங்க. 30 டிகிரியில் இருக்கிற ஒரு கிலோ தண்ணியை 0 டிகிரிக்கு இறக்க சுமார் 125 கிலோஜூல் வெப்பத்தை எடுத்தால் போதும். அந்த 0 டிகிரியிலேயே வைத்து ஐஸாக்க 334 கிலோஜூல் எடுக்கணும்! அதனால் நேரத்தில் பெரும்பகுதி தண்ணி அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். வீட்டு ஃப்ரீசரில் சின்ன டம்ளருக்கு நாலு முதல் ஆறு மணி நேரம். ஒண்ணரை மணி நேரத்தில் மேலே ஏடு மாதிரி கட்டும், அப்போ குச்சியைச் சொருகினால் சாயாமல் நிற்கும்.

எல்லாம் கரெக்டா கத்துக்கிட்டு, வாண்டுவோட ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரையும் வரச் சொல்லியாச்சு. அன்னைக்குக் காலையில் பேப்பரைப் பிரித்தால், 'இன்றைய மின்தடை' பட்டியலில் எங்க பகுதி! பராமரிப்புப் பணி, காலை 9 மணி முதல் மாலை வரை. ஃப்ரீசருக்கு லீவு.

வாண்டு முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பிச்சி எழுந்தார். "கல்லுப்பு எவ்வளவு இருக்குது? ரெண்டு கிலோ ஐஸ் வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

ஹாஸ்டல்வாசிகளே, ஃப்ரிட்ஜ் இல்லாத ரூம்வாசிகளே, இங்கே காதைக் கொடுங்க! ரெண்டு கிலோ ஐஸைச் சாக்கில் சுற்றி, பூரிக்கட்டையால் நொறுக்கினோம். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு கை கல்லுப்பு, மறுபடி ஐஸ், மறுபடி உப்பு. மொத்தத்தில் மூணு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு. அதுக்குள் அஞ்சு சின்ன எவர்சில்வர் டம்ளரைக் கழுத்து வரைக்கும் புதைத்து, ஒவ்வொன்றின் வாயையும் பேப்பரால் மூடி ரப்பர் பேண்ட் போட்டு, பேப்பர் நடுவில் கீறி, அதன் வழியாகக் குச்சியை இறக்கினோம். பக்கெட்டைச் சுற்றி ஈரமில்லாத சாக்கு.

உப்பு பட்டதும் ஐஸ் இளகும். இளகுவதுக்கு வேண்டிய வெப்பத்தை அது வெளியிலிருந்து எடுக்காமல் தன்னிடமிருந்தும் பக்கத்தில் இருக்கிற டம்ளரிடமிருந்தும் பிடுங்கிக்கொள்ளும். அதனால் இளக இளக இன்னும் குளிரும். உப்பும் ஐஸும் சேர்ந்தால் மைனஸ் 21 டிகிரி வரைக்கும் இறங்க முடியும். என்கிட்ட இருந்த மலிவு விலை தெர்மாமீட்டர் மைனஸ் 14 காட்டியது. அப்பிச்சியின் கம்பெனித் தொட்டி இப்போ எங்க வாசலில்! ரெண்டு எச்சரிக்கை: அந்தக் கலவையில் வெறும் கையை விட்டுத் துழாவாதீங்க, தோல் புண்ணாகும். கடையில் வாங்கின ஐஸ் டம்ளருக்கு வெளியே மட்டும்தான், ஒரு துண்டுகூட உள்ளே விழக்கூடாது.

உள்ளே என்ன ஊற்றினோம்? ரெண்டு டம்ளரில் பானகம். அரை லிட்டர் தண்ணியில் நூறு கிராம் நாட்டுச்சர்க்கரை போட்டுக் கொதிக்க வைத்து, மண் போக வடிகட்டி, ஆறினதும் ஒரு எலுமிச்சம்பழம், சுக்குப்பொடி ஒரு சிட்டிகை, ஏலக்காய், உப்பு துளி. நாட்டுச்சர்க்கரைக்கு நாம் கவலைப்படணுமா என்ன, பழனி பஞ்சாமிர்தத்துக்கே கவுந்தப்பாடிச் சர்க்கரைதானே போகுது! மிச்சம் மூணு டம்ளரில் அப்பிச்சி ஸ்பெஷல் சேமியா. அரை லிட்டர் பாலைக் கொஞ்சம் சுண்டக் காய்ச்சி, வறுத்த சேமியா ரெண்டு பெரிய ஸ்பூன் போட்டு வேக விட்டு, ரெண்டு சின்ன ஸ்பூன் அரிசி மாவைக் கரைத்து ஊற்றி, சர்க்கரை அஞ்சு பெரிய ஸ்பூன். பழமா வேணும்னா மாம்பழக்கூழ்தான் பெஸ்ட், அதுக்கு ஒரு வித்தையும் வேண்டாம், அரைச்சு ஊத்தினா போதும். தர்பூசணி வெறும் தண்ணி, சர்க்கரை போடாவிட்டால் கல்தான். நுங்கும் இளநீரும் சேர்த்து ஒரு தடவை போட்டேன். பார்க்க அழகா இருந்தது, தின்ன சுமார்தான்.

ஒரு மணி நேரம் கழிச்சு அப்பிச்சி முதல் டம்ளரை வெளியே எடுத்தார். வெளிப்பக்கத்து உப்பைத் துடைத்து, சாதாத் தண்ணியில் ஒரு முக்கு, உள்ளங்கையில் ஒரு திருகு. 'பொளக்'! நுனியில் கொத்தாகச் சேமியா.

வாண்டு வாங்கிக்கொண்டு சித்தியைப் பார்த்தாள். சித்தி, "சாப்பிடு" என்றாள்.

பாதி தின்ற பிறகுதான் அவளுக்குப் பேச்சே வந்தது. "அப்பிச்சி, இது எவ்வளவு?"

"நாலணா."

"நாலணான்னா?"

அதை விளக்குவதுக்கு அவருக்கு வார்த்தை போதவில்லை. அட்டாலியைக் காட்டி என்னை ஏறச் சொன்னார். பழைய குண்டானுக்குப் பின்னாடி, துணியில் சுற்றி, அந்த ஹாரன் இருந்தது. ரப்பர் காய்ந்து வெடித்துப் போயிருந்தது. அழுத்தினால் காற்றுதான் வந்தது. கொஞ்ச நேரம் அழுத்திப் பார்த்துவிட்டு, வாண்டுவும் அவள் ஃப்ரெண்ட்ஸும் பார்த்துக்கொண்டிருக்க, அப்பிச்சி வாயாலேயே 'பாம்... பாம்...' என்றார்.